அபுக்கின் மேலண்ணம்

இந்த நாட்டில் வாயைப் பார்ப்பதற்கு முன் காதைப் பார்க்கவேண்டும் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமையில் அறிந்துகொண்டேன். மெல்பேணின் தென்கிழக்கில், ஸ்பிரிங்வேலுக்குக் கிட்ட உள்ள ஓர் அரசாங்கப் பல் மருத்துவ நிலையம். கதிரையில் சாய்ந்திருந்தவர் ஆயுள் முழுக்கக் கூரை வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். என்னைக் கவனிக்க விடப்பட்டிருந்த மூத்த பல் வைத்தியர் கிரெக் கதவடியில் நின்றுகொண்டு, "ஆளின்ரை காதைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார். கிழவருக்குக் காது கேட்காது என்று எச்சரிக்கிறார் என நினைத்து நான் குனிந்து, "வாயைத் திறவுங்கோ!" என்று உரத்துக் கத்தினேன். கிழவர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். "பிள்ளை, நான் செவிடனில்லை" என்றார். கிரெக் அன்று முழுவதும் சிரித்தபடியே திரிந்தார். (எல்லாரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அது என் காதுக்குள் போய் எங்கள் பேச்சாகத்தான் தங்குகிறது, அப்படியே எழுதுகிறேன்.)

சிரித்து முடித்தபின் அவர் விளங்கப்படுத்தினார். இங்கே வெயிலில் வேலை செய்த வெள்ளைத்தோல்காரருக்குக் காதிலும் மொட்டைத் தலையிலும் தோற்புற்று வரும். அது மெல்ல நகர்ந்து காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் வந்து குடியிருக்கும். கன்னத்தில் ஒரு கட்டி என்று வருகிறவரிடம் அதன் வேர் சிலவேளை காதின் மடலில் இருக்கும். எனக்கு இது புதினமாக இருந்தது. இலங்கையில் நான் படித்த காலத்தில் எங்கள் விரல் முதலில் போவது கன்னத்தின் உட்பக்க மடிப்புக்கு, வெற்றிலையை அடக்கி வைக்கும் இடத்துக்கு. அங்கே வெள்ளைப் படை இருக்கிறதா, தோல் இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் பல்லை எண்ணுவோம். வயதானவர்கள் "புகையிலை மட்டும் விட்டிட்டன் டொக்டர்" என்று பொய் சொல்லும்போது பற்களின் சிவப்பு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஊரில் வெற்றிலை, இங்கே வெயில். ஒரே வாய்தான் என்றாலும் ஒவ்வொரு நாட்டிலும் அதற்கு ஒவ்வோர் எதிரி. இரண்டையும் பழகிவிட்டேன், இனி எனக்குத் தெரியாத வாய் இல்லை என்று ஒரு சின்னக் கர்வம் வந்திருந்த காலத்தில்தான் அபுக் வந்தார்.

அபுக் தென்சூடானின் டிங்கா இனத்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூப்பு இருக்கலாம். உயரம் என்றால் அப்படியொரு உயரம். எங்கள் கதிரையில் அவருடைய கால்கள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தார். ஆங்கிலம் நன்றாகவே பேசுவார், ஆனால் வைத்திய விசயம் என்பதால் ரெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருந்தார். கீழ்முன்பற்கள் நான்கும் இல்லை. பல்லுக் கட்டவேண்டும் என்றார். நான் வழக்கம்போல, "என்ன விபத்து நடந்தது?" என்று கேட்டேன். ரெலிபோனில் மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். பிறகு அவரும் அபுக்கும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

விபத்து இல்லையாம். சிறுமியாக இருந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் கழற்றியதாம். வளர்ந்துவிட்டாள் என்பதற்கு அது அடையாளம். "நான் அழேல்லை. அழாததைப் பற்றி ஊரெல்லாம் கதைச்சது" என்று அவரே ஆங்கிலத்தில் சொன்னார், இன்னும் பெருமை குறையாமல். "பிறகேன் இப்ப கட்டப் போறியள்?" என்று கேட்டேன். முதியோர் இல்லத்துக் கிழவிகள் காலை எழுந்ததும் மறந்துபோய், "உன்னை ஆர் அடிச்சது, உன்ரை மனிசனோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார்களாம். "அந்தப் பாவம் மனிசன் ஈயைக்கூட அடிக்கமாட்டார்" என்றார். நானும் சிரித்துவிட்டேன். அதே சிரிப்போடு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தபோது மேலண்ணத்தில், வாயின் கூரையில், வலப்பக்கமாக நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது.

தோல் வழுவழுப்பாக இருந்தது. புண் இல்லை, நோவில்லை. எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டேன். கென்யாவில் அகதி முகாமில் கடைசி மகள் வயிற்றில் இருந்தபோது ஒரு கடலை அளவில் தொடங்கியதாம். அந்த மகள் இப்போது ஹைஸ்கூலில் படிக்கிறாள். வெற்றிலையா என்றால் இல்லை. புகையிலை இல்லை. சாராயம் இல்லை. வெயில் அந்தக் கரிய தோலை ஒன்றும் செய்திருக்கவில்லை. நான் பழகி வைத்திருந்த இரண்டு எதிரிகளும் அந்த வாயில் இல்லை. அண்ணத்தில் சின்னச் சின்னதாய் நூற்றுக்கணக்கான உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன, அவற்றிலும் கட்டி வரும் என்பது பாடமாகத் தெரியும். கண்ணால் கண்டது மிகக் குறைவு.

"ஒரு சின்னத் துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேணும்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்ன விதத்தில் எது எப்படி மாறியதோ தெரியவில்லை. அபுக்கின் முகம் இறுகிப் போயிற்று. அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். "அந்தத் துண்டைத் திரும்ப வைப்பினமோ?" இல்லை என்றேன். அவர் கழுத்தில் கட்டியிருந்த துணியைத் தானே அவிழ்த்து, மடித்து, என் கையில் தந்துவிட்டு எழுந்தார். பெரிய ஆசுபத்திரியின் நிபுணரிடம் நாள் எடுத்துக் கொடுத்தேன். போகவில்லை. இன்னொரு நாள் எடுத்தேன், அதற்கும் போகவில்லை. வீட்டுக்கு எடுத்தால், எடுக்க ஆளில்லாமல் ரெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த நாட்களில் எனக்கு வவுனியா அடிக்கடி நினைவுக்கு வந்தது. போர் முடிந்த கையோடு, படிப்பு முடித்த புதிதில், முகாம்களுக்குப் போன நடமாடும் பல் மருத்துவக் குழுவில் நானும் இருந்தேன். ஒரு கூடாரம், இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு டோர்ச். பல்லுப் பிடுங்கலாம், அதற்கு மேல் ஒன்றும் இயலாது. வரிசையில் வந்தவர்களின் வாய்களில் பிடுங்க முடியாத விசயங்களும் இருந்தன. டோர்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "வெளியில போனாப் பிறகு பெரியாசுபத்திரியில காட்டுங்கோ" என்போம். அவர்களும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். வெளியில் எப்போது போவோம் என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அபுக்கின் கட்டியையும் கென்யாவில் யாரோ ஒருவர் இப்படித்தான் டோர்ச் அடித்துப் பார்த்திருப்பார். அவரும் என்னைப்போல இளம் வைத்தியராக இருந்திருக்கலாம்.

பிறகு ஒரு சனிக்கிழமை ஸ்பிரிங்வேல் சந்தையில் அபுக்கைக் கண்டேன். வியட்நாமியக் கடையொன்றில் வத்தாளங்கீரைக் கட்டுகளை, சர்க்கரைவள்ளிக்கிழங்கின் இலையை, புரட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு மேலால் ஒரு நீண்ட கை வந்து நல்ல கட்டாக ஒன்றைத் தூக்கியது. நிமிர்ந்தேன். இங்கே ஒரு பழக்கம் உண்டு: நோயாளியைத் தெருவில் கண்டால் நோயைப் பற்றி நாங்களாகத் தொடங்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுப் பந்தியில்கூட "பிள்ளை, இந்தக் கடைவாய்ப் பல்லை ஒருக்காப் பார்" என்று சோற்று வாயைத் திறந்து காட்டுவார்கள். இங்கே நான் கீரையைப் பற்றித்தான் பேசினேன். நாங்கள் தேங்காய் துருவிப் போட்டு வறுப்போம் என்றேன். அவர்கள் நிலக்கடலையை அரைத்துப் போட்டுச் சமைப்பார்களாம். "தேங்காய்ப்பூப் போடுவியளோ? பழுதாக்கிப் போடுவியள்" என்றார். கடைசியில் அவராகவே, "வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

தேநீரில் அவர் போட்ட சீனி பல் வைத்தியர் ஒருவர் பார்க்கக்கூடியதல்ல. கலக்கிக்கொண்டே சொன்னார்: "முகாமில எனக்குத் தெரிஞ்ச ஒரு மனிசி இருந்தவ. இதே இடத்திலதான் அவவுக்கும். எங்கேயோ கொண்டுபோய் வெட்டினவை. உயிரோட வந்தா. ஆனா கதைச்சா ஒருத்தருக்கும் விளங்காது. குடிச்ச தண்ணி மூக்கால வரும். பிள்ளையள் விளங்கின மாதிரி நடிப்பினம். அவ கதைக்கிறதை விட்டிட்டா."

அபுக் கரண்டியைக் கோப்பையின் ஓரத்தில் தட்டி வைத்தார்.

"என்ரை அம்மா ஊரில, ஜூபாவில இருக்கிறா. கண் இரண்டும் போயிட்டுது. ஞாயிற்றுக்கிழமையில போன் எடுப்பன். அவவுக்கு என்ரை முகம் இல்லை, சிஸ்டர். குரல் மட்டுந்தான் நான். அதையும் வெட்டி எடுத்தா, ஆரோ ஒரு பொம்பிளை எடுக்கிறாள் எண்டு போனை வச்சிடுவா."

என் அம்மா யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கிறா. வாட்ஸப்பில் என் முகத்தைப் பார்த்து, "மெலிஞ்சு போனாய்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வா. நான் மெலியவே இல்லை. முகத்தை எடுத்துவிட்டு வெறும் குரலாக நான் அம்மாவிடம் போய்ச் சேர்வதை நினைத்துப் பார்த்தேன். தேநீர் ஆறிப்போயிற்று.

"என்னை மாதிரி ஆக்கள் எத்தினை பேரை நீங்கள் பாத்திருக்கிறியள்?" என்று அபுக் கேட்டார். உண்மையைச் சொன்னேன். "உங்களை மட்டுந்தான்." "அப்ப உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "வாசிச்சிட்டு வந்து சொல்லுறன்" என்றேன்.

அந்தக் கிழமை முழுக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். நைஜீரியா, உகண்டா, கென்யா, தன்சானியா என்று பல நாட்டு ஆசுபத்திரிகளில் இருந்து வைத்தியர்கள் தங்கள் நோயாளிகளைத் தொகுத்து எழுதியிருந்தார்கள். அவற்றில் ஒரு சாயல் திரும்பத் திரும்ப வந்தது. அண்ணத்துச் சிறு சுரப்பிகளில் கட்டி வருவது அங்கே குறிப்பிடத்தக்க அளவு. வருகிறவர்கள் பலர் நடுவயதைத் தாண்டாதவர்கள். தீங்கில்லாத வகைதான் கூடுதல் என்றாலும், தீய வகையின் பங்கு மேற்கு நாட்டுப் புத்தகங்கள் சொல்வதைவிடப் பல இடங்களில் அதிகமாகத் தெரிந்தது. தாடை எலும்பில் வரும் வேறு சில கட்டிகளும் அங்கே பெரிதாக வளர்ந்த பிறகே கத்தியைக் காண்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு வசனம் இருந்தது: நோயாளிகள் பிந்தி வருகிறார்கள்.

முதலில் அதை நான் நோயின் குணம் போலத்தான் வாசித்தேன். பிறகு வவுனியாக் கூடாரம் நினைவுக்கு வந்தது. எங்கள் வரிசையில் நின்றவர்களையும் பிறகு யாரோ ஒரு வைத்தியர் 'பிந்தி வந்தவர்கள்' என்று எழுதியிருப்பார். அவர்கள் பிந்தவில்லை, பாதை பூட்டியிருந்தது. இந்தக் கட்டுரைகளை எழுதியவர்களில் நேர்மையானவர்கள் அதையும் சொல்லியிருந்தார்கள். தங்கள் கணக்கில் இருப்பது ஆசுபத்திரிவரை வந்து சேர்ந்தவர்கள் மட்டும். நோகாத சிறு கட்டியோடு ஊரிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே தீயவை அதிகம் என்பது உடம்பின் உண்மையா, பாதையின் உண்மையா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. வெற்றிலையையும் வெயிலையும் போல இங்கே காட்டுவதற்கு ஓர் எதிரிகூட இல்லை.

அபுக்கைத் தேடி அதே தேநீர்க் கடைக்கு அடுத்த சனி போனேன். அவர் வந்திருந்தார். வாசித்ததைச் சொன்னேன். உங்களைப்போல நிறையப் பெண்கள் இருக்கிறார்கள் என்றேன். நோயின் பெயரைவிட அவருக்கு வேறொன்று முக்கியமாகப் பட்டது.

"ஆர் எழுதினது? வெள்ளையளோ?"

"இல்லை. ஆபிரிக்க டொக்டர்மார். லாகோஸ், கம்பாலா, நைரோபி…"

"எங்கட ஆக்களோ?" அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ, ஆர் ஆர்?" ஊர்களின் பெயர்களை மறுபடியும் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும், தன் வீட்டு விசேசத்துக்கு வந்தவர்களைக் கேட்பதுபோலத் தலையாட்டினார். "எங்கட வாய்க்குள்ள பாத்த ஆக்கள் வெட்டச் சொல்லினமோ?"

"நேரத்தோட எடுக்கச் சொல்லினம்."

"வெட்டினாப் பிறகு கதைச்சினமோ எண்டு எழுதியிருக்கோ?"

நான் வாசித்தவற்றில் அது இருக்கவில்லை. எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேருக்குத் திரும்ப வந்தது என்று இருந்தது. யார் யாரோடு மறுபடி பேசினார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. "எழுதேல்லை" என்றேன்.

அபுக் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தார். "சரி, நான் போறன். நான் கதைச்சா, அதை நீங்கள் எழுதுங்கோ" என்றார். இந்தக் கட்டுரையின் காரணம் அதுதான். அபுக் என்பதும் அவருடைய உண்மைப் பெயரல்ல. மாற்றுப் பெயரை அவரே தெரிந்தெடுத்துத் தந்தார்.

சின்னத் துண்டு எடுத்தார்கள். தீய வகைதான், ஆனால் மெல்ல வளர்கிற குலம், கழுத்துக்கு இறங்கவில்லை. சத்திரசிகிச்சையில் அண்ணத்தின் வலப்பக்கம் எலும்போடு போயிற்று. மூக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு துவாரம். அந்த இடத்தைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதால் அதைத் தசையால் மூடாமல், கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு பிளாஸ்டிக் தட்டுச் செய்து கொடுத்தார்கள். ஆசுபத்திரிக்குப் பார்க்கப் போனபோது கட்டிலில் எழுந்திருந்து, தட்டுக்குப் பின்னாலிருந்து மூக்கால், "தண்ணி மூக்கால வரேல்லை" என்று சொல்லிக் காட்டினார். அவருடைய கணவர், அந்த ஈயைக்கூட அடிக்காத மனிதர், எனக்கு ஒரு முழு அன்னாசிப்பழத்தைக் கையில் தந்தார்.

சில மாதங்கள் கழித்துக் கீழ்ப்பல்லுக்காக எங்கள் நிலையத்துக்கு வந்தார். பேச்சு மருத்துவர் எல்லாம் சரி என்று எழுதிவிட்டாராம். உண்மையாகவே அவருடைய ஆங்கிலம் ஆசுபத்திரியில் கேட்டதைவிடத் தெளிவாக இருந்தது. ஆனால் முகம் தெளியவில்லை.

"இங்கிலிஷ் நல்லா வருது. அவை இங்கிலிஷிலதானே சோதிச்சவை. டிங்கா வருதில்லை. மகளின்ரை பேரைச் சொன்னா அம்மா 'ஆர்? ஆர்?' எண்டு கேக்கிறா. லைன் சரியில்லை எண்டு சொல்லிச் சொல்லியே இவ்வளவு நாளும் சமாளிச்சிட்டன்."

ஆபரேஷன் பற்றி அம்மாவிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"மகளின்ரை பேரைச் சொல்லுங்கோ" என்றேன். சொன்னார். பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரை 'நையான்டெங்' என்பார்களாம். அவர் சொல்ல முயன்றது அதுவல்ல. நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தில் அகலமாக ஒட்டிப் பிரியவேண்டிய ஓர் ஒலி அதன் தொடக்கத்தில் இருந்தது. எனக்கு அதைத் தெரியும். அது எங்கள் 'ஞா'. ஞாண்டெங். தமிழில் ஒரே எழுத்தில் எழுதிவிடலாம். நான் அதைச் சொன்னபோது அபுக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "திரும்பச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். "உங்களுக்கு எப்பிடி வரும்?" "எங்களிட்ட இந்த எழுத்து இருக்கு." "இங்க ஒருத்தருக்கும் வராது!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆசுபத்திரியில் தட்டைச் செய்தவரோடு ரெலிபோனில் பேசி, எவ்வளவு மெல்லிதாக்கலாம் என்று கேட்டுக்கொண்டேன். தட்டில் வெள்ளைத் தூளை மெல்லப் பூசி வாயில் பூட்டி, ஒரு சொல்லைச் சொல்லச்சொல்லி உடனே கழற்றிப் பார்த்தால், நாக்குப் பட்ட இடத்தில் தூள் அழிந்திருக்கும். பழைய முறை இது. அபுக் 'ஞா' என்றார். தூள் ஓரத்தில்தான் அழிந்திருந்தது. நடுவில் தட்டுத் தடித்திருந்ததால் நாக்கு பரந்து படுக்க இடமில்லை. ஒரு துளி அராவினேன். மறுபடி தூள், மறுபடி ஞா. நானும் வாய்க்குள் ஒருமுறை ஞா சொல்லி என் நாக்கு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு அராவினேன். கடந்துபோன கிரெக் எட்டிப் பார்த்து, "இரண்டு பேரும் என்ன பூனை மாதிரிக் கத்துறியள்?" என்று கேட்டார். அபுக் தன் ஊரையும், தமக்கையையும், சின்ன வயதில் தான் மேய்த்த ஒரு பசுவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குப் பொருள் தெரியாது. ஒலி சரியாக விழுந்தபோது மட்டும் அவருடைய முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை அல்ல. இருந்தாலும் அவர் கைப்பையைத் திறந்து ரெலிபோனை எடுத்தார். ஜூபாவில் காலை. இரண்டு மூன்று தரம் மணி அடித்தது. அபுக் பேசினார், முதலில் கவனமாக, ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்ப்பதுபோல, பிறகு வேகமாக. நடுவில் மகளின் பெயர் வந்தது, தெளிவாக. மறுமுனையில் ஒரு முதிய குரல் ஏதோ சொன்னது. அபுக் ரெலிபோனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, வாய் சிரித்தது.

"என்னவாம்?" என்றேன்.

"இண்டைக்கு லைன் நல்லா இருக்காம்."

வெளியே அடுத்த நோயாளி காத்துக்கொண்டிருந்தார். அபுக் கழுத்தில் நீலத் துணியோடு, மெல்பேணில் செய்த பாதி அண்ணத்தால் ஜூபாவோடு பேசிக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அராவின தூள் விரலில் ஒட்டியிருக்க, எனக்கு விளங்காத அந்தப் பேச்சு முடியும்வரை பக்கத்தில் நின்றேன்.